பெட்டியை மாற்ற வருகிறவளுக்கு

பாப்பா,

நேற்று நீ போனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அம்மா, லைன்ல இருக்கியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். இருந்தேன். வாயைத் திறந்தால் அசிங்கமாக ஏதாவது வந்துவிடும் என்றுதான் கட் பண்ணினேன். அடுத்த வாரம் கம்பெனி ஆட்களோடு ஊருக்கு வருகிறாய். நம் கிணற்று மோட்டார் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டி மாட்டப் போகிறாய். டிவிக்காரர்களும் வருகிறார்கள். நம் பக்கத்திலேயே முதல் புதுப் பெட்டி நம் கிணற்றுக்குத்தான், அதுவும் உன் கையாலேயே. நான் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டும். "அந்த நீலப் பொடவையக் கட்டிக்கம்மா, வீடியோல நல்லாத் தெரியும்" என்று வேறு சொன்னாய். புடவை எது கட்டுவது என்று எனக்கு நீ சொல்லும் காலம் வந்துவிட்டது, சந்தோஷம்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உன்னைப் பற்றிப் பேப்பர்காரன் எழுதிவிட்டான், டிவிக்காரன் பேசிவிட்டான், கம்பெனிக்காரன் விளக்கம் கொடுத்துவிட்டான், பூலாம்பாடி டீக்கடையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன்கூடத் தீர்ப்புச் சொல்லிவிட்டான். பெற்றவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்க வந்த ஒருத்தனும் போட்டோ இருக்கிறதா என்றுதான் கேட்டான். அதனால் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். உனக்குத் தெரிந்த கதையைத்தான் எழுதப் போகிறேன். ஆனாலும் முதலிலிருந்தே எழுதுகிறேன். நீ டிவியில் சொன்ன கதையில் நிறைய விட்டுப் போயிருக்கிறது.

நம் கிணறு பங்குக் கிணறு. உன் தாத்தா காட்டை மூன்று மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். கிணற்றைப் பிரிக்க முடியாது, அதனால் முறை வைத்தார். ஒரு நாள் பெரியப்பாவுக்கு, மறுநாள் நமக்கு, அதற்கு மறுநாள் சித்தப்பாவுக்கு. சித்தப்பா போன பிறகு அது சித்தியின் முறை. கரண்ட் சர்வீஸை மட்டும், மூத்தவர் என்ற மரியாதைக்குப் பெரியப்பா பேரில் வாங்கினார்கள். அப்போது அது ஒரு விஷயமே இல்லை. யார் முறையோ அவர்கள் போய் சுவிட்சை அமுக்கிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மடை மாற்றப் போய்விடுவார்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம்தான் அந்தப் பெட்டி வந்தது. மோட்டார் ஓட்டுகிற மும்முனைக் கரண்ட் நம் பக்கம் வரும் நேரம் வாரத்துக்கு வாரம் மாறும், அதற்காகக் காட்டிலேயே காத்துக் கிடக்க முடியாது. வீட்டிலிருந்தபடியே மோட்டார் போடலாம் என்று ஒரு பெட்டி. உள்ளே சிம் கார்டு. அதற்குப் போன் அடித்தால் மோட்டார் ஓடும், மறுபடி அடித்தால் நிற்கும். கரண்ட் வந்தால் அதுவே நமக்குப் போன் பண்ணிச் சொல்லும். நல்ல சாமான்தான், சாமானைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று வீடும் சேர்ந்துதான் வாங்கினோம். மாட்ட வந்த பையன், "சர்வீஸ் யாரு பேர்லங்க?" என்று கேட்டான். பெரியப்பா தன் போனை நீட்டினார். அவ்வளவுதான், முடிந்தது. முதலில் பதிந்த நம்பருக்குத்தான் அந்தப் பெட்டி கட்டுப்படும். வேறு நம்பரைச் சேர்க்க வேண்டுமானாலும் அந்த முதல் நம்பரிலிருந்துதான் சொல்ல வேண்டும். பழைய சுவிட்சை அந்தப் பையனே கழற்றி எடுத்துப் போய்விட்டான், புதுப் பெட்டியில் கையால் போடப் பட்டனும் கிடையாது. எங்கள் நம்பரையும் சேர்த்துவிடுங்கள் என்று நான் கேட்டேன். "எதுக்கு ஆளாளுக்குப் போட்டுகிட்டு? மோட்டாரு கெட்டுப்போயிரும். எனக்கு ஒரு போன் அடி, போட்டு வுட்டுர்றேன்" என்றார்.

போன் அடித்தேன். எத்தனை தடவை அடித்தேன் என்று உனக்குத் தெரியும், அப்போது நீ வீட்டிலிருந்துதான் பெரம்பலூர் காலேஜுக்குப் போய் வந்தாய். "மாமா, கரண்ட் வந்துருச்சுங்களா?" என்று ஆரம்பித்து, "கொஞ்சம் போட்டு வுடுங்க மாமா" என்று முடிக்க வேண்டும். நம் முறை, நம் பங்கு, நாமும் காசு போட்டு வாங்கிய பெட்டி, அதற்கு நான் பிச்சை கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். அவர் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மறந்துவிட்டேன் என்பார். ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறேன், சத்தத்தில் கேட்கவில்லை என்பார். சார்ஜ் இல்லை என்பார். வெங்காயம் காய் வைக்கிற நேரத்தில் இப்படித் தண்ணீர் தவறித் தவறிப் போய், அந்த வெள்ளாமையில் கோலிக்குண்டு அளவுக்குத்தான் விழுந்தது. அவர் காட்டு வெங்காயம் மட்டும் பட்டறை போட்டுச் சேமித்து வைக்கிற அளவுக்கு இருந்தது.

சித்தி போன்கூட அடிக்க மாட்டாள். புருஷன் இல்லாதவள் மூத்தவருக்குப் போன் பண்ணினால் நன்றாகவா இருக்கும் என்று அவர் வீட்டு வாசலில் போய் நிற்பாள். "குளிக்கிறாரு", "சாப்புடுறாரு", "இப்பதான் படுத்தாரு" என்று உள்ளேயிருந்து பெரியம்மா குரல் வரும். அவர் எழுந்து வந்து போனை எடுக்கும்போது கரண்ட் போய்விட்டிருக்கும். உன் அப்பாவிடம் சொன்னால் அவர் அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டு, மாதத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருகிறவர். "அண்ணன்கிட்ட போயி என்னத்தப் பேசுறது, வுடு" என்பார். வுடு என்ற ஒரு வார்த்தையில் இவ்வளவு காலத்தை ஓட்டியவர் அவர்.

நீதான் விடவில்லை. சின்னப் பிள்ளையிலேயே இலவச மிக்ஸியைக் கழற்றிப் பரப்பி வைத்து, நான் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் மறுபடி மாட்டி ஓடவிட்டவள் நீ. பெரியப்பா குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்த அன்று, அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்கு வந்தாய். வெயிலில் திரை தெரியவில்லை என்று நான் குடை பிடித்தேன். நாலு திருகாணி. பெட்டி திறந்ததும் உள்ளே பார்த்துவிட்டு, "இதுல பூட்டே இல்லம்மா. யாரும் தொறக்க மாட்டாங்கன்னு நம்பி வெச்சிருக்காங்க" என்றாய். நான் பயந்துதான் நின்றேன். "இது தப்பா பாப்பா?" என்று கேட்டேன். "நாம காசு குடுத்து வாங்குன பொருளும்மா. அது நம்ம பேச்சைக் கேக்குறதுல என்ன தப்பு?" என்று சொன்னாய். இது உன் வார்த்தை. வேண்டுமானால் மறந்துவிட்டேன் என்று சொல், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீ செய்தது இவ்வளவுதான். மூன்று வீட்டு நம்பரையும் அதில் பதிந்தாய். யாருக்கு எந்த நாள் முறையோ அன்று அவர்கள் போனுக்கு மட்டும் அது கேட்கும்படி செய்தாய். யாருடைய தண்ணீரையும் யாருக்கும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தாத்தா வாயால் சொன்னதைப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்தாய். அதில் பேசிய இங்கிலீஷ் பொம்பளையின் குரலை எடுத்துவிட்டு உன் குரலையே பதிந்தாய். "கரண்ட் வந்துருச்சுங்க, இன்னைக்கு உங்க முறை" என்று ஒன்று. "இன்னைக்கு உங்க முறை இல்லைங்க" என்று ஒன்று. பின்னால் நம் ஆடு கத்துவதும் சேர்ந்தே பதிந்துவிட்டது, நீ அதை அழிக்கவில்லை.

மறுநாள் நம் முறையில் பெரியப்பா வழக்கம்போலத் தன் காட்டுக்கு மோட்டார் போட அடித்திருக்கிறார். முறை இல்லைங்க என்று உன் குரல் சொல்லியிருக்கிறது. நேராக நம் வாசலுக்கு வந்தார். "என்ன பாப்பா, கெணத்துக்குள்ள ஒக்காந்துகிட்டு எனக்கே முறை சொல்றியா?" என்று கேட்டார். நீ, "நான் சொல்லலைங்க பெரியப்பா, தாத்தா சொன்னது" என்றாய். அவர் முகம் போன போக்கு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

சித்தியைச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டி முதல் தடவை அவளுக்குப் போன் பண்ணியபோது நான் பக்கத்தில் இருந்தேன். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "சரிடா தங்கம், இதோ போறேன்" என்றாள். "யாருட்டடி பேசுற, அது மிசினு" என்றேன். "தெரியும்க்கா. ஆனா என்னையக் கூப்புட்டு உங்க முறைன்னு வேற யாரு சொல்றா?" என்றாள். இதை நான் உன்னிடம் வந்து சொன்னபோது நீ அழுதாய். அந்த அழுகையும் நிஜம்தானே, அதற்கும் யாராவது எழுதிக் கொடுத்தார்களா?

விஷயம் பக்கத்து ஊர்களுக்குப் பரவியது. பங்குக் கிணறு இருக்கிற இடமெல்லாம் இதே சண்டைதான், முதல் நம்பர் யாருடையதோ அவன்தான் ராஜா. நாலைந்து கிணற்றுக்காரர்கள் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நீயும் செய்து கொடுத்தாய். அப்போதுதான் பேப்பர் நிருபர் ஒருத்தன் பைக்கில் வந்தான். டீ குடித்தான், பெட்டியைத் தூரத்திலிருந்து பார்த்தான், நீ விளக்கியபோது போனை நோண்டிக்கொண்டிருந்தான். போகும்போது என்னிடம், "படிக்கிற புள்ளைங்களுக்கு ஊக்கமா இருக்கும்க்கா, நல்ல போட்டோ ஒண்ணு குடுங்க" என்றான். பள்ளிக்கூடக் கடைசி நாளில் பாவாடை தாவணி கட்டி, மல்லிகைப்பூ வைத்து எடுத்த போட்டோவை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை. பெருமையில் கேட்கத் தோன்றவில்லை.

என்ன எழுதினான் பார்த்தாயே. 'மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓட்டும் மாணவி'. நீ சொன்னது ஆள் இல்லாமல் ஓடும் என்று, அவன் எழுதியது கரண்டு இல்லாமல் ஓடும் என்று. திருச்சி, தஞ்சாவூர், எங்கெங்கிருந்தோ போன். "அந்த கரண்டு இல்லாத மோட்டாரு என்ன வெலைங்க?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி நமக்குத் தொண்டை வறண்டது. நீ அந்த நிருபருக்குப் போன் போட்டுத் தப்பைத் திருத்தச் சொன்னாய். "நல்லதாத்தானேம்மா போட்டுருக்கேன், இதுல என்ன வருத்தம் உனக்கு?" என்றான். அன்றைக்கே நமக்கு உறைத்திருக்க வேண்டும். நல்லது எழுதும்போது உண்மை என்ன என்று பார்க்காதவன் கெட்டது எழுதும்போது மட்டும் பார்ப்பானா? நாம் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். அந்தப் பேப்பரைக் கத்தரித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில்கூட ஒட்டினேன். உன்னைப் புகழ்ந்து ஏதாவது வந்தால் அதில் எவ்வளவு பொய் என்று முதலில் தேடு, பாப்பா. அந்தப் பொய்க்குத்தான் பிறகு நீ வட்டி கட்டுவாய்.

அப்புறம் எங்கோ ஒருத்தனுக்கு மோட்டாருக்குள்ளே காயில் கம்பி கருகியது. அவன் பெட்டியை நீ தொடவே இல்லை. அவன் மச்சான் வீடியோ பார்த்துத் தானே திறந்து எதையோ மாற்றியிருக்கிறான். அதுவும் பெரியப்பா போலீஸில் உன்மேல் கொடுத்த புகாரும் ஒரே நேரத்தில் டிவிக்காரன் காதுக்குப் போனது. 'விவசாய மோட்டார்களை முடக்கும் ஹேக்கர் கும்பல்' என்று போட்டான். கும்பல் என்றால் நீ, குடை பிடித்த நான். முகத்தை மூடிக் குல்லாய் போட்ட ஒருத்தன் இருட்டில் உட்கார்ந்திருக்கிற படம், அவன் மேலே பச்சைப் பச்சையாக எழுத்து ஓடுகிறது. அவனுக்குப் பக்கத்தில் மல்லிகைப்பூ வைத்த உன் போட்டோ. நான் கொடுத்த அதே போட்டோ. அந்தப் பெட்டியைச் செய்கிற கம்பெனியின் அதிகாரி ஒருத்தர் டை கட்டிக்கொண்டு வந்து, இப்படித் திறப்பது உயிருக்கே ஆபத்து, தேச விரோதிகள்கூட இதைச் செய்யலாம் என்றார். காயில் கருகியவன் யார், அவன் பெட்டியைத் திறந்தது யார் என்று ஒருத்தனும் போய்க் கேட்கவில்லை. நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் பஸ்ஸில் போனால் எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ஸ்டேஷனில் உன்னைக் காலையில் உட்கார வைத்தவர்கள் பொழுது சாயும்வரை விடவில்லை. அங்கே இருந்த ஏட்டு, "யம்மா, என் மச்சினிச்சி போன் பேட்டர்ன மறந்துட்டா, தொறந்து தர முடியுமா?" என்று உன்னிடமே கேட்டார். நீ என்னைப் பார்த்தாய், எனக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்தது. அப்புறம் கேஸ் எதுவும் இல்லை, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதை எந்த டிவியும் சொல்லவில்லை. உடையார்பாளையம் பக்கத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். முதலில் பொருந்திய ஜாதகம் டிவி பார்த்த பிறகு பொருந்தாமல் போனது. கடைக்குப் போனால் பேச்சு நிற்கும், நான் திரும்பியதும் தொடங்கும். உன் பெயரைச் சொல்லி என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் ரொம்ப வலித்தது.

நம் பெட்டியைப் போலீஸ் எடுத்துப் போனது. தண்ணீர் இல்லாமல் பெரியப்பா காட்டு மக்காச்சோளம் சுருண்டதும், அவரே போய்க் கெஞ்சித் திருப்பி வாங்கி வந்தார். பழையபடி மாற்றிக் கொடு என்று உன்னிடம் கேட்டார். அந்த அவமானத்துக்கெல்லாம் பிறகும் நீ தலை நிமிர்ந்து, "மாத்த மாட்டேங்க பெரியப்பா. வேணும்னா புதுசு வாங்கிக்குங்க" என்றாய். புதுசு வாங்க அவருக்குக் காசு வெளியே வரவில்லை. பெட்டி அப்படியே மாட்டப்பட்டது, முறையும் அப்படியே நடந்தது, இன்று வரை நடக்கிறது. அன்று உன்னைப் பெற்றதற்கு நான் நிறைந்து போனேன். பேப்பரில் வந்தபோது வந்த பெருமை வேறு, இது வேறு.

அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பெனியிலிருந்து உனக்குப் போன் வந்தது. டிவியில் உன்னை உயிருக்கு ஆபத்து என்று சொன்ன அதே அதிகாரி உன்னை வேலைக்குக் கூப்பிட்டார். நீ கோயம்புத்தூர் போனாய். நான் தடுக்கவில்லை. படித்த படிப்புக்கு வேலை, நல்ல சம்பளம், எந்தத் தாய் தடுப்பாள்? கொஞ்ச நாளில் மூன்றாவது செய்தி வந்தது. 'ஹேக் செய்த பெண்ணுக்கே வேலை கொடுத்த நிறுவனம்'. கம்பெனி பனியன் போட்டுக்கொண்டு, கையில் பூங்கொத்தோடு நீ. பக்கத்தில் டை கட்டிய அதிகாரி. வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தோம், கூட வேலை செய்த பொம்பளை தன் போனில் காட்டினாள். சித்தியும் இருந்தாள். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "நான் செஞ்சது தப்புதான். அப்ப எனக்கு அது புரியல. பாதுகாப்புதான் முக்கியம்னு இப்பப் புரியுது." சித்தி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "எது தப்புங்குதுக்கா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? நீ வந்து சொல்.

உன் அப்பா அந்த வீடியோவைச் சுரங்கத்தில் இருக்கிற டிரைவர்கள் எல்லாருக்கும் அனுப்பினார். "புள்ள பொழச்சுகிட்டா, வுடு" என்றார். நீ பிழைத்துக்கொண்டாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ கேட்ட மன்னிப்பை யாரிடம் கேட்டாய் என்று யோசித்தாயா? காயில் கருகியவனுக்கு நீ ஒன்றும் செய்யவில்லை. கம்பெனிக்கும் நஷ்டம் இல்லை. உன் மன்னிப்பு நேராக வந்து விழுந்தது பெரியப்பா மடியில்தான். மறுநாள் அவர் டீக்கடையில் எல்லாருக்கும் டீ சொன்னாராம். செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்பது நல்ல பழக்கம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். செய்யாத தப்புக்குக் கேட்டால், உன்னை நம்பினவர்களை நீயே குற்றவாளி ஆக்குகிறாய் என்று சொல்லிக் கொடுக்க விட்டுவிட்டேன்.

இதையெல்லாம்கூட நான் முழுங்கியிருப்பேன். வயிற்றுப்பாட்டுக்கு மனிதர்கள் என்னென்னவோ சொல்கிறார்கள். ஆனால் நேற்று நீ புதுப் பெட்டியைப் பற்றிச் சொன்னாயே. பழைய பெட்டியைக் கொடுத்தால் புதுசு இலவசம். உள்ளே கோந்து மாதிரி எதையோ ஊற்றி இறுக்கியிருக்கும், திருகாணியே இருக்காது. "தொறந்தா அது செத்துடும்மா, யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாய். நான், "யாரு கண்டுபுடிச்சது இத?" என்று கேட்டேன். நீ, "என் ஐடியாதாம்மா" என்றாய். உன் குரலில் பெருமை இருந்தது. அதற்குப் பிறகுதான் போனைக் கட் பண்ணினேன்.

எங்கள் நம்பரைச் சேர்க்க முடியுமா என்று அதற்கு முன்பே கேட்டேன். முடியும், எத்தனை நம்பர் வேண்டுமானாலும் சேர்க்கலாம், சர்வீஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் சம்மதித்தால் என்றாய். "சட்டப்படி அதாம்மா சரி" என்றாய். அதாவது பெரியப்பா சம்மதித்தால். சுற்றிச் சுற்றி அவர் வாசலில் கொண்டுவந்து என்னையும் சித்தியையும் நிறுத்தியிருக்கிறாய். இந்தத் தடவை வெளியே வர வழியும் இல்லாமல் கோந்து ஊற்றி.

உன் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. கண்டவன் திறந்து கை வைத்தால் மோட்டார் கருகும், ஆளுக்கு ஷாக் அடிக்கும், உண்மைதான். கெட்டவன் ஒருத்தன் நினைத்தால் ஒரு ஊர் மோட்டாரையே நிறுத்திவிடலாம் என்றாய், அதுவும் இருக்கலாம். பூட்டு போடாதே என்று நான் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் பொதுவான பொருளுக்கு மூன்று பேரையும் கேட்கிற மாதிரி பூட்டு போட உனக்கா தெரியாது? ஒரு மேஜைகூட இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடை நிழலில் செய்தவள் நீ. இப்போது ஏசி ரூமும் பத்து ஆளும் கொடுத்திருக்கிறார்கள், இப்போது முடியவில்லையா? முடியும். கேட்டிருக்க மாட்டாய். கேட்டால் பூங்கொத்து கொடுத்த கை சுருங்கிவிடும் என்று பயம். அந்தப் பயம் உனக்கு வரக்கூடாது என்றுதான் உன்னைப் படிக்க வைத்தேன்.

டிவிக்காரர்கள் இந்தத் தடவை என்ன போடுவார்கள் என்று இப்போதே தெரிகிறது. தான் கெடுத்த கிணற்றைத் தானே சரி செய்த மகள். பின்னால் சோகமாக ஒரு பாட்டு, அப்புறம் சந்தோஷமாக ஒரு பாட்டு. நீலப் புடவையில் நான். கொட்டகை ஓரத்தில் யாரோ ஒரு பொம்பளையாகச் சித்தி. அவள் யார் என்று அவர்கள் கேட்க மாட்டார்கள், நீயும் சொல்ல மாட்டாய்.

நான் வேறு ஒரு வேலை செய்திருக்கிறேன். இன்று காலையில் பெரம்பலூர் போய்ப் பூட்டு ஒன்று வாங்கி வந்தேன். மோட்டார் கொட்டகைக்கு இத்தனை வருஷமாகப் பூட்டு கிடையாது, இப்போது இருக்கிறது. பெரியப்பா சத்தம் போட்டார். "சர்வீஸ்தாங்க மாமா ஒங்க பேரு, கொட்டாய் மூணு பேருக்கும் பொது" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு நேரே நிமிர்ந்து பேசினேன். உன் அப்பாவுக்குப் போன் பண்ணினார். உன் அப்பா எனக்குப் பண்ணினார். வுடு என்று அவர் சொல்வதற்குள் நான் வைத்துவிட்டேன்.

நீ வா. உன் வீடு இது, எப்போது வந்தாலும் சோறு இருக்கும். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன், கம்பெனி ஆட்களுக்கும் டிவிக்காரர்களுக்கும் சேர்த்தே வைக்கிறேன், வந்தவர்களைப் பட்டினி போட எனக்குத் தெரியாது. ஆனால் பூட்டுக்குச் சாவி என்னிடம் கேட்காதே. நீங்கள் வருவதாகச் சொன்ன நாளை எண்ணிப் பார்த்தேன், அது நம் முறை இல்லை, சித்தியின் முறை. சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். அன்று காலையில் அவள் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு இருப்பாள். பாத்தி வரப்பிலேயே நடந்து போய், கேமரா ஓடும்போதே, நீ எதற்காக வந்திருக்கிறாய் என்று உன் வாயாலேயே அவளிடம் சொல்லிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்.